ஒற்றை ஆள் தூக்கும் பெட்டி

மதுரை வெயில் ஆள் பார்த்து அடிப்பதில்லை. தல்லாகுளத்தில் கோப்பு சுமக்கிறவர் தலையிலும், சிம்மக்கல்லில் மூட்டை சுமக்கிறவர் முதுகிலும் அது ஒரே கையால்தான் அடிக்கும். ஆள் பார்ப்பது நிழல். எவருக்கு மின்விசிறி, எவருக்கு மரத்தடி, எவருக்கு இரண்டும் இல்லை என்று நிழலைத்தான் மனிதர்கள் பங்கு பிரித்து வைத்திருக்கிறார்கள். இந்த உண்மை துளசிராமுக்கு நாற்பது வயது வரையில் தோன்றியதில்லை. ஒரு தகரப் பெட்டி செய்யப்போய்த்தான் அவர் அதை அறிந்தார்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, தை மாதம். சிம்மக்கல்லில் வைகையைப் பார்த்துப் போகும் சந்து ஒன்றில் அவருடைய பட்டறை. நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனால் நூலைக் காட்டிலும் தகரத்தின் மேல் காதல் கொண்டவர். கலியாணத்துக்கு டிரங்குப் பெட்டி, சைக்கிளில் சேமியா ஐஸ் விற்பவர்களுக்கு ஐஸ் பெட்டி, இரண்டும் அவர் கையில் பேர் பெற்றவை. ஒரு நாள் நண்பகலில் வெள்ளைச் சேலை உடுத்திய பெண்ணொருத்தி வாசலில் வந்து நின்றாள். அவள் கண், வெளியே நின்ற ஐஸ்காரரின் சைக்கிள் மீதே இருந்தது.

"இந்தப் பெட்டி நீங்க செஞ்சதாண்ணே?"

"ஆமாம்மா. ஏன், ஒழுகுதா?"

"ஒழுகல. அதான் உங்களத் தேடி வந்தேன்."

அவள் பெயர் சோலையம்மாள். ஆனையூரில் குடியிருந்துகொண்டு, மேற்கே உள்ள கிராமங்களுக்குத் தடுப்பூசி போடப் போகிற அரசாங்க நர்ஸ். பட்டறை முக்காலியில் உட்கார்ந்து, வந்த காரியத்தைச் சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"ஊசி மருந்து கொண்டுபோக ஐஸ் பெட்டி ஒண்ணு வேணும். நான் ஒருத்தியாத் தூக்கணும். வேலை முடிஞ்சா வைக்க எடமும் அடைக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

"அதெல்லாம் சர்க்காரு குடுக்குமே?"

"குடுத்திருக்கு. ரெண்டு ஆம்பளைக கம்பு கோத்துத் தூக்குற பெட்டி. தூக்குறவுக எங்க எறக்குறாகளோ அங்கதான் ஊசி. நான் சொல்ற எடத்துல எறக்குங்கன்னா, 'மொதல்ல இங்க முடிங்க நர்சம்மா'ன்றாக. எனக்கென்ன, பெட்டி பின்னாடி போக வேண்டியதுதான்."

துளசிராம் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

போன ஆண்டு பங்குனியில் மேலப்புளியங்குளத்தில் நடந்ததை அவள் சொன்னாள். பெட்டியை ஊர்ச் சாவடியில் இறக்கினார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்று. காலனிப் பிள்ளைகள் கடைசியில் வரட்டும், அதுவும் சாவடிக்கு வெளியே நிற்கட்டும் என்றார்கள். அவர்களுடைய முறை வந்தபோது ஐஸ் தண்ணீராகி, தண்ணீரும் சூடாகியிருந்தது. வெயில் பட்ட மருந்து வெறும் தண்ணீர்; அதைக் குத்திக் கண்துடைப்புச் செய்ய மனம் வராமல் மண்ணில் கொட்டிவிட்டு வந்தாள். அடுத்த மாதம் மணல்வாரி அம்மை வந்தது. காலனியில் செல்லக்கிளி என்பவளின் மூத்த பெண் போய்விட்டாள்.

"அவளுக்கு இப்ப இன்னொண்ணு கையில இருக்கு. பங்குனிக்கு வாரேன், ஒன் வாசல்லயே வச்சுப் போடுறேன்னு சொல்லிட்டேன். எங்க ஆஸ்பத்திரி டாக்டரும், 'குளுமை நிக்கிற பெட்டியாக் கொண்டாந்து காட்டு, கையெழுத்துப் போடுறேன்'னுட்டாரு."

அவ்வளவுதான் அவள் சொன்னது. துளசிராம் அன்று மாலையே தகரத்தை வெட்டினார்.

முதற்பெட்டி, கைப்பெட்டி. மேலே பிடி வைத்து, வெளியூர் போகிறவர் தூக்கும் பெட்டியைப் போல நேர்த்தியாகச் செய்தார். ஒரே ஒரு நாள் கொண்டுபோய்விட்டுச் சோலையம்மாள் திரும்பி வந்தாள்.

"வரப்புல நடந்தா முழங்காலப் பேத்து எடுக்குதுண்ணே. பஸ்ல கண்டக்டர் லக்கேஜ் போடுன்றான். எறக்கி வச்சா சப்-சென்டர்ல கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவுல நிக்க எடமில்ல."

இரண்டாவது, மடக்குப் பெட்டி. புத்தகம் போல் மடித்து அலமாரி மேல் வைத்துவிடலாம் என்பது அவருடைய கனவு. கான்வாஸ் துணிக்குள் தெர்மாகோல் பலகைகளைச் சொருகி, கீல் வைத்துத் தைத்தார். பார்வைக்கு அழகுதான். ஆனால் மடிப்பு இருக்கும் இடமெல்லாம் குளிர் கசிந்தது. காலையில் வைத்த ஐஸ் மதியத்துக்குள் கரைந்தது.

அன்று அவர் உடைந்த மனத்தோடு பட்டறைக்குப் பின்னாலிருந்த வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி சீதாலட்சுமி தெருக்குழாயிலிருந்து பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வந்தாள். ஒரு கையால் கதவைத் தள்ளினாள். உள்ளே நுழையப் பார்த்த ஆட்டை விரட்டினாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். போகிற போக்கில் கணவனையும் திட்டினாள். குடம் இருந்த இடத்தில் அசையாமல் இருந்தது. பதினெட்டு ஆண்டுகளாக அந்த முற்றத்தில் நாள்தோறும் நடக்கும் காட்சி அது. அன்றுதான் துளசிராம் அதைப் பார்த்தார்.

"சீதா, அந்தக் குடத்த இறக்காத. அப்படியே நில்லு."

"ஏன், போட்டோ எடுக்கப் போறீங்களா?"

மறுநாள் சோலையம்மாள் வந்தபோது அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, தங்கள் வீட்டு மொழியில் மனைவியிடம் எதையோ முணுமுணுத்தார். சீதாலட்சுமி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு நர்சுக்கும் புரியட்டும் என்று தமிழில் சொன்னாள்.

"கேட்டீங்களா நர்சம்மா? இத்தனை வருசத்துல எனக்கு ஒரு ஒட்டியாணத்துக்கு அளவு எடுத்ததில்ல இந்த மனுசன். இப்ப உங்க இடுப்ப நான் அளந்து சொல்லணுமாம்!"

"அளங்கக்கா. ஒட்டியாணம்தான் எனக்கும் வாய்க்கல, பெட்டியாவது வாய்க்கட்டும்."

மூன்றாவது பெட்டி அப்படித்தான் பிறந்தது. வெளியே அலுமினியத் தகடு; உள்ளே துருப்பிடிக்காத துத்தநாகத் தகரம்; நடுவில் கலியாண மேடை அலங்காரத்தில் மிஞ்சிய தெர்மாகோல். மூடியின் விளிம்பில் சைக்கிள் டியூப்பை வெட்டி ஒட்டினார். மூடினால் மூச்சுவிட இடமில்லை. ஒரு பக்கம் மட்டும் இடுப்பில் பொருந்த உள்வாங்கி வளைந்திருந்தது. அந்த வளைவின் முதுகில் இரண்டு கொக்கிகள். வேலை முடிந்தால் முறத்தை மாட்டுவதுபோல் சுவரில் மாட்டிவிடலாம். தரையில் ஒரு சாண் இடமும் அடைக்காது. வளைவு சரியாக அமையவேண்டுமென்று அந்தப் பக்கத்தில் தெர்மாகோலைச் சற்றே சீவி மெலிதாக்கினார். அது ஒரு குறை என்று அவருக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளக்கூடிய குறை என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

வெள்ளைப் பெயிண்ட் தீர்ந்திருந்தது. டிரங்குப் பெட்டிக்கு வாங்கிய மஞ்சள் பெயிண்ட் கிடந்தது. மஞ்சளை அடித்து, மூடி விளிம்புக்கு மட்டும் சிவப்புப் பூசினார். அதில் வேறெந்த எண்ணமும் அவருக்கு இல்லை.

பங்குனி பிறந்தது. டாக்டர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கையை உள்ளே விட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். குறித்த நாளில் விடியற்காலையில் ஐஸ் கம்பெனியில் ஐஸை உடைத்து, பிளாஸ்டிக் பைகளில் கட்டி, நடுவில் மருந்துக் குப்பிகளை வைத்து மூடினார்கள். துளசிராமும் உடன் கிளம்பினார். தாம் செய்த பொருள் வேலை செய்வதைக் கண்ணால் காணாமல் எந்தத் தொழிலாளிக்கும் உறக்கம் வராது. பஸ்ஸில் கண்டக்டர் லக்கேஜ் என்று வாயே திறக்கவில்லை.

"குடத்த மடியில வச்சுக்கங்கம்மா, எடஞ்சலா இருக்கு," என்றார்.

சோலையம்மாள் திரும்பிப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். துளசிராமின் நெஞ்சு நிறைந்தது.

மேலப்புளியங்குளத்தில் முத்தாலம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள். தெருவின் குறுக்கே வேப்பிலைத் தோரணம். இரண்டு மூன்று வீட்டு நிலைகளிலும் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. அந்த வீடுகளில் அம்மை. சோலையம்மாள் பஸ்ஸை விட்டிறங்கிப் பெட்டியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தாள். பக்கத்து ஊர்தான் அவளுக்குப் பிறந்த ஊர். இங்கே பாதிப் பேர் உறவுமுறை. எவரும் அவளுக்குப் புதியவரல்லர்.

ஆனால் அன்று அவர்கள் பார்த்தது அவளை அல்ல. மஞ்சளும் சிவப்புமாய், குடம்போல் வளைந்து, ஒரு பெண்ணின் இடுப்பில் ஏறி, அம்மை கண்ட தெருவுக்குள் ஏதோ வருகிறது. அதன் மேனியெல்லாம் முத்து முத்தாக வேர்த்திருக்கிறது. நின்ற இடத்தில் நீர் சொட்டுகிறது. வாசலில் நின்ற சுந்தரம்மாள் கையை நீட்டித் தொட்டாள், சில்லிட்டது.

"ஆத்தீ! பச்சத் தண்ணியாட்டம் குளுருதே! ஆத்தா வேர்த்து வந்திருக்காடி!"

அவள் குலவையிட்டாள். எதிர் வீட்டில் குலவை எழுந்தது. தெரு முழுவதும் எழுந்தது. உள்ளே ஓடிய சுந்தரம்மாள் ஒரு செம்பு மஞ்சள் நீருடன் வந்து, தீர்த்தக்குடம் எடுத்து வருகிறவளுக்குச் செய்வதுபோல், நர்சின் காலில் ஊற்றினாள்.

"சின்னாத்தா, என்ன இது? நான் ஊசி போட வந்திருக்கேன்."

"போடுத்தா. யாரு வேணாம்னா? ஆத்தாவே கூட்டியாந்திருக்கால்ல."

பூசாரி நல்லகாமன் வந்தார். சாந்தமான மனிதர், உரத்துப் பேசி எவரும் கேட்டதில்லை. இரு கையாலும் பெட்டியை வாங்கி, கோயில் முன்னிருந்த கல்மேடையில் வைத்தார். சாமிக்குக் கட்டிவைத்த செவ்வந்தி மாலை ஒன்றை எடுத்து அதற்குச் சூட்டினார்.

பிறகு நடந்தது சோலையம்மாள் தன் பணிக்காலத்தில் கண்டிராத காட்சி. ஊசி என்றால் பிள்ளையைக் குதிருக்குள் ஒளித்துவைக்கும் தாய்மார்கள் தாமாகவே வரிசையில் வந்து நின்றார்கள். பிள்ளைகள் வீறிட்டன; தாய்மார் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். துளசிராம் வேப்பமரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தம்முடைய தகரத்துக்கு மாலை! ஆயுத பூசைக்குக்கூட அதற்கு இவ்வளவு பெரிய மாலை விழுந்ததில்லை. மூட நம்பிக்கையாகவே இருக்கட்டும். பிள்ளைகள் பிழைக்கின்றனவே, இதில் என்ன நட்டம் என்று அவர் மனம் கேட்டது. நல்லவர்களை ஏமாற்றுவதற்கென்றே உலகத்தில் உலவும் கேள்வி அது.

அதற்கு விடை பெட்டியிலேயே இருந்தது. அதன் வேர்வையைக் கண்டு ஊர் கைகூப்பியது. செய்தவருக்கோ அந்த வேர்வையின் பொருள் வேறு. சீவி மெலிதாக்கிய அந்த வளைவின் வழியாகக் குளிர் வெளியேறுகிறது என்பது அதன் பொருள். ஒவ்வொரு துளியும் உள்ளே கரைகிற ஐஸின் கணக்கு. அது போதாதென்று, சோலையம்மாள் ஒரு பிள்ளையின் கையைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், நல்லகாமன் ஒரு வேப்பிலைக் கொத்தை மூடியின் இடுக்கில் பக்தியோடு செருகினார். டியூப் விலகியது. மூடி விரல் அளவு திறந்தே நின்றது.

துளசிராம் தெருமுனையை நோக்கினார். அங்கே, ஊர் முடிகிற எல்லையில், நிழலே இல்லாத இடத்தில், பத்துப் பன்னிரண்டு பெண்கள் பிள்ளைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். முன்னால் நின்றவள், முந்தானையைக் குழந்தையின் தலைக்கு மேல் பிடித்தபடி, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள்தான் செல்லக்கிளி என்று அவருக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சோலையம்மாளும் பார்த்தாள். ஊசியை வைத்துவிட்டு எழுந்தாள்.

"சித்தப்பா, மிச்சப் பிள்ளைகளுக்குச் சாயங்காலமா வந்து போடுறேன். இப்பக் காலனிக்குப் போயிட்டு வாரேன்."

நல்லகாமன் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"அது எப்படித்தா? கோயில் மேடையில அமர்ந்தது. பொழுது சாயாம எடுக்கக் கூடாது. அங்க வேற போயிட்டு அது எப்படித் திரும்ப இங்க வரும்?"

"அப்ப அவுக இங்க வரட்டும்."

"நான் விட்டாலும் ஊரு விடுமா? நீயும் நம்ம பிள்ள. ஒனக்குத் தெரியாததா?"

போன ஆண்டு சாவடி. இந்த ஆண்டு கோயில். போன ஆண்டு பெட்டியின் கனம் தடுத்தது. இந்த ஆண்டு பெட்டியின் பெருமை தடுக்கிறது. எடுக்க எளிதாக வேண்டும் என்று எடையைக் குறைத்தவர், அதன் மேல் ஏறிய புதிய எடையைக் கண்டு திகைத்தார். ஒரு பொருளைத் தெய்வமாக்கிவிட்டால் அது யாருக்கெல்லாம் எட்டாமற் போகும் என்பது அவர் கண்முன்னே, வெயிலில், வரிசையாக நின்றது.

அவர் மேடையருகே போனார். வேப்பிலைக் கொத்தை உருவி எடுத்துக் கீழே வைத்தார். மூடியை அழுத்தி மூடினார்.

"யாருய்யா இது, செருப்புக் காலோட?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"நான் சிம்மக்கல்லுல பெட்டி செய்றவன்," என்றார் துளசிராம். "இது நான் அடிச்ச தகரம். மஞ்சள் ஏன்னா, வெள்ளைப் பெயிண்ட் தீந்து போச்சு. இப்படி வேர்க்குறது என் தப்பு. இந்தப் பக்கம் தெர்மாகோல அதிகமாச் சீவிட்டேன். குளுமை வெளிய போயிட்டிருக்கு. இன்னுங் கொஞ்ச நேரம் இங்க இருந்தா உள்ள இருக்கிற மருந்து செத்துப்போகும். அம்புட்டுத்தாங்க இதுல இருக்குறது."

ராக்கம்மாள் என்ற இளந்தாய், அடுத்து ஊசிக்கு நின்றவள், பிள்ளையைச் சட்டென்று தோளில் சாய்த்துக்கொண்டு பின்வாங்கினாள். சுந்தரம்மாளின் முகம் சுருங்கியது.

"அப்ப அந்தக் குளுமை?" என்று கேட்டார் நல்லகாமன்.

சோலையம்மாள் மூடியைத் திறந்து, ஐஸ் பை ஒன்றைப் பிரித்து, ஒரு துண்டு ஐஸை அவர் உள்ளங்கையில் வைத்தாள். "ஐஸ் கம்பெனி ஐஸு சித்தப்பா."

அவர் கையைப் பார்த்தார். துண்டு உருகி விரலிடுக்கில் வழிந்தது. "ஐஸும் அவ குடுத்ததுதானத்தா?" என்றார், விட்டுக்கொடுக்காமல்.

"இருக்கட்டும். அவ குடுத்ததுன்னா, வெயில்ல நிக்கிறவுகளுக்குக் குடுக்காமயா குடுத்திருப்பா?"

அதற்குமேல் அவள் வாதாடவில்லை. மூடியை அழுத்தினாள், மாலையைக் கழற்றிச் சுந்தரம்மாளின் கையில் கொடுத்தாள், குனிந்தாள், பெட்டியை இடுப்பில் ஏற்றினாள். ஒரு கை வளைவைப் பிடித்தது; மறு கை ஊசிப் பையை எடுத்துக்கொண்டது. நடந்தாள்.

தடுக்க ஆட்கள் இருந்தார்கள். இரண்டு இளைஞர்கள் முன்னால் வரவும் செய்தார்கள். ஆனால் எதைப் பிடித்து இழுப்பது? அவளைத் தொடலாகாது, அவள் பெண், உறவுக்காரி. பெட்டியையும் தொடலாகாது, அது தகரம் என்று காது கேட்டிருந்தது, மனம் இன்னும் கேட்கவில்லை. நல்லகாமன் ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடி, "விடுங்கப்பா," என்றார். "போகட்டும்."

பழைய பெட்டியாயிருந்தால் அதைத் தூக்க அந்த இரண்டு பேரின் தோள் வேண்டியிருந்திருக்கும். இதற்கு ஓர் இடுப்பு போதுமாயிருந்தது.

காலனியில் மேடை இல்லை, சாவடியும் இல்லை. ஒரே ஒரு பூவரசமரம் இருந்தது. செல்லக்கிளி ஓடிப்போய் அடுப்புக்கு வைத்திருந்த மூன்று கற்களைக் கொண்டுவந்து மரத்தடியில் போட்டாள். பள்ளமும் மேடுமான தரையில், மூன்று கற்களின் மேல் பெட்டி ஆடாமல் அமர்ந்தது. சோலையம்மாள் மூடியைத் திறந்தாள். துளசிராம் எட்டிப் பார்த்தார்.

ஐஸ் பாதிக்கு மேல் கரைந்திருந்தது. மீதி இருந்தது. அவள் ஒரு குப்பியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"சில்லுன்னு இருக்குண்ணே."

முதல் ஊசி செல்லக்கிளியின் குழந்தைக்கு. அது ஒரு கணம் வியந்து பார்த்துவிட்டுப் பிறகுதான் அழுதது. செல்லக்கிளி அழவில்லை. குழந்தையின் கையைத் தேய்த்துக்கொண்டே, "அழு, அழு, நல்லா அழு," என்றாள். "ஒங்க அக்காளுக்கும் சேத்து அழு."

வரிசை நகர்ந்தது. கடைசிப் பிள்ளைக்கு முந்தைய பிள்ளையின் முறை வந்தபோது, துளசிராம் தலை நிமிர்ந்தார். ஊருக்கும் காலனிக்கும் நடுவேயிருந்த வெட்டவெளியில் ராக்கம்மாள் நின்றுகொண்டிருந்தாள், தோளில் பிள்ளையோடு. முன்னால் வரவும் இல்லை. திரும்பிப் போகவும் இல்லை. வெயில் அவள் உச்சியில் அடித்துக்கொண்டிருந்தது.

சோலையம்மாள் கூப்பிட வாயெடுத்தாள். அதற்குள் செல்லக்கிளி முந்திக்கொண்டாள்.

"பிள்ளய வச்சுக்கிட்டு ஏந் தாயி வெயில்ல நிக்கிற? ஆத்தா இல்லேன்னதும் ஊசியும் இல்லேன்னு ஆயிருச்சா? வா, வந்து நில்லு."

"எங்க வீட்டுல ஏசுவாக…"

"ஏசட்டும். ஏசுனா அம்மை வராதா?"

பூவரச நிழல் சிறியது. செல்லக்கிளி தன் குழந்தையோடு ஓரடி தள்ளி நின்றாள். அவளுக்கு அடுத்தவளும் தள்ளினாள். ராக்கம்மாள் வந்து, அந்த இடைவெளியில், வரிசையின் கடைசியில் நின்றாள்.

துளசிராம் அதை நெடுநேரம் பார்க்கவில்லை; பார்த்தால் கண் கலங்கிவிடும் போலிருந்தது. கீழே உட்கார்ந்து, பெட்டிக்கும் தரைக்கும் நடுவே அந்தக் கற்கள் கொடுத்த உயரத்தைச் சாணால் அளந்தார். அடுத்த பெட்டிக்கு மூன்று கால் வைக்க வேண்டும். வளைவில் தெர்மாகோலைச் சீவாமல், தகட்டை இன்னும் வளைக்க வேண்டும். பெயிண்ட் கடையில் எத்தனை நாள் ஆனாலும் சரி, வெள்ளை வரும் வரையில் காத்திருக்க வேண்டும்.

"என்னண்ணே, தரையோட பேசுறீங்க?" என்றாள் சோலையம்மாள், அடுத்த ஊசியை எடுத்துக்கொண்டே.

"ஒண்ணுமில்லம்மா," என்றார் அவர். "கால் அளவு எடுக்குறேன்."